தாயேன் என்று கத்தினேன்

ஒரு மொட்டைப் பாறையில், தரையிலிருந்து நாலு மாடி உயரத்தில், பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு அழுதவன் நான். பல்லி என்னை மன்னிக்கட்டும். அது ஒழுங்காக ஒட்டும். என் முழங்கால்கள் இரண்டும் தையல் மிஷின் ஊசி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. கையில் ஓர் இரும்புக் கயிறு. மூக்குக்கு நேரே பாறை. முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ராஜஸ்தான் மட்டும் இருந்தது.

முருகன் அன்பர்களே, இந்த வருடம் நம் கிருத்திகை பஜனை மலருக்கு அந்த மலை அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் எல்லாரும் கேட்ட கதைதான். கல் விழப்போவதை ஆவுடையப்பன் பார்த்தான், குரல் கொடுத்தான், கீழே நின்ற ஒருவன் உயிர் பிழைத்தான். அதற்காகத் துவாரகாவில் என் நண்பன் பாலு வீட்டு ஹாலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். கேசரி கூட இரண்டாம் முறை கிடைத்தது.

ஒருவன் உயிர் பிழைத்தது சத்தியம். காப்பாற்றியது நான் என்பது பொய். ஏழு வருடமாக அந்தப் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் கை போகும்போதெல்லாம் கூசுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் கடைசிவரை படியுங்கள்.

தொடக்கம் சரோஜினி நகரில். எங்கள் அப்பா மத்திய அரசாங்கத்தில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது எனக்கு நான்கு வயது. வரிசையாக மஞ்சள் அடித்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ். முன்னால் புல்தரை, புல்தரை ஓரம் நாவல் மரம். அதே பிளாக்கில் பாலு, ரவி, சீனு. பாலு வீட்டில் கும்பகோணத்துத் தமிழ், ரவி வீட்டில் கோயம்புத்தூர்த் தமிழ், சீனு வீட்டில் மதுரைத் தமிழ், எங்கள் வீட்டில் 'ஏலே வாலே'. வெளியே வந்தால் நாலு பேருக்கும் ஒரே இந்தி. குளிர்காலத்து ஞாயிறு மதியம் புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டு, வேர்க்கடலை உடைத்துத் தின்று, தோலை அடுத்தவன் ஸ்வெட்டருக்குள் போடுவோம். அந்த வெயிலின் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது. அதற்குப் பிறகு டெல்லியில் எத்தனையோ குளிர்காலம் வந்துவிட்டது. அந்த வெயில் மட்டும் வரவில்லை.

நாவல் பழ சீசனில் மூன்று பேரும் மரம் ஏறுவார்கள். நான் ஏறமாட்டேன். கீழே நின்று அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருப்பேன். "செருப்பு திருடு போய்விடும்டா" என்று காரணம் சொல்வேன். அந்தச் செருப்புகளைத் திருட வேண்டுமென்றால் திருடனுக்குப் பெரிய மனசு வேண்டும். உயரம் என்றால் எனக்குப் பயம். அவ்வளவுதான்.

பிறகு ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு திசை. பாலு விமான நிலையத்தில் சேர்ந்து துவாரகாவுக்குப் போனான். நான் அப்பா மாதிரியே அரசாங்கத்தில் சேர்ந்து மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். ஒரு நாள் அந்தக் குவார்ட்டர்ஸை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து நாலு பேரும் போய் நின்று பார்த்தோம். எங்கள் வீட்டு ஜன்னலில் யாரோ கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது மெட்ரோவில் பாலுதான் சொன்னான், நாலு பேரும் சேர்ந்து எங்கேயாவது போய்விட்டு வரவேண்டும், இல்லாவிட்டால் இனிமேல் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குத்தான் சந்திப்போம் என்று.

எங்கேயாவது என்றால் ஹரித்வார், மதுரா என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அவன் பிடித்தது ராஜஸ்தானில், மணல்காடு தொடங்குகிற இடத்தில் ஒரு கூடாரத் தங்கல். அதன் பின்னாலேயே ஒரு செங்குத்து மலை. பாதி மலை வரை நடை. அதற்கு மேல் பாறையில் ஆணி அடித்து இரும்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்து ஏறவேண்டும். போனில் படத்தைக் காட்டினான். நான் போனைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். அப்படியும் செங்குத்தாகத்தான் இருந்தது.

நான் வரவில்லை என்றேன். "தைப்பூசத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமைடா. குன்று இருக்கிற இடமெல்லாம் குமரன் இருக்கான்னு உங்கப்பா சொல்லிண்டே இருப்பாரே, மறந்துட்டியா?" என்றான் பாலு. குமரனுக்கு மயில் இருக்கிறது, பறந்துவிடுவான், எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. என் மனைவி கோமதி நாலு பேருக்கும் இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிக் கட்டிக்கொடுத்து, என் சட்டைப் பையில் விபூதிப் பொட்டலமும் வைத்து அனுப்பிவிட்டாள். அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டியிருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

மலைக்கு எங்களைக் கூட்டிப்போனவன் பன்வர்லால். முப்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, பழுப்புக் கண். எல்லாருக்கும் இடுப்புப் பட்டை கட்டிவிட்டான். பட்டையிலிருந்து இரண்டு வார், வாரின் நுனியில் இரண்டு கொக்கி. இரண்டையும் இரும்புக் கயிற்றில் மாட்டிக்கொள்ள வேண்டும். கயிறு ஒவ்வொரு ஆணியிலும் பாறையோடு கட்டப்பட்டிருக்கும். ஆணி வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி மறுபக்கம் மாட்டி, பிறகு இரண்டாவதை மாட்டவேண்டும். எப்போதும் ஒரு கொக்கியாவது கயிற்றில் இருக்கும், விழவே முடியாது என்று விளக்கினான். விழவே முடியாது என்று ஒருவன் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்தது ஹெல்மெட். என் தலை பெரிய சைஸ். கோமதி கேட்டால் காலி என்பாள். இருந்த ஹெல்மெட் எதுவும் உள்ளே போகவில்லை. பன்வர்லால் தன் தலையிலிருந்ததைக் கழற்றி எனக்கு மாட்டினான். உனக்கு என்று கேட்டேன். எனக்குப் பழக்கம் என்று தலையில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டான். நானும் சரி என்றுவிட்டேன். அந்தச் 'சரி'யை நான் இன்னும் மறக்கவில்லை.

பாதி மலை வரைக்கும் சந்தோஷமாகத்தான் போனோம். காலை வெயில் இதமாக இருந்தது. மணலில் முள்செடிகள், தூரத்தில் ஆட்டு மந்தை. சீனு பழைய கதைகளை எடுத்துவிட்டான். பன்வர்லால் என் பக்கத்தில் நடந்துவந்தான். தனக்குப் பெண் பிறந்து இருபது நாள்தான் ஆகிறது, இன்னும் பெயர் வைக்கவில்லை, முதல் குழந்தை என்று சொன்னான். சொல்லும்போது நடை தானாக மெதுவாகியது. எங்கள் ஊரில் குழந்தை பிறந்தால் முருகன் பெயர் வைப்போம், உனக்கு வேண்டுமானால் நாற்பது பெயர் தருகிறேன் என்றேன். சிரித்தான்.

பிறகு பாறை வந்தது.

மூன்று பேரும் எனக்கு முன்னால் ஏறினார்கள். ஐம்பதைத் தொடப்போகிற ஆட்கள், நாவல் மரத்தில் ஏறின மாதிரியே ஏறினார்கள். அவர்களை மேலே சேர்த்துவிட்டு, பன்வர்லால் மேலிருந்தே எனக்கு வழி சொன்னான். மூன்றாவது ஆணி வரை நானும் ஏறிவிட்டேன். நான்காவது ஆணியில் ஒரு தப்புச் செய்தேன். கீழே பார்த்தேன்.

கூடாரங்கள் எல்லாம் கொலு பொம்மை மாதிரி இருந்தன. அந்த நிமிடம் என் கை கயிற்றைப் பிடித்தது, பிடித்ததுதான். கொக்கியை மாற்ற வேண்டுமென்றால் ஒரு கையை எடுக்கவேண்டும். கை எடுக்க மறுத்துவிட்டது. இருபத்தைந்து வருடம் அரசாங்க ஃபைலில் கையெழுத்துப் போட்ட கை, அதற்கும் மேலதிகாரி உத்தரவு வேண்டும்போல. மேலே போகவும் முடியவில்லை, கீழே இறங்கவும் முடியவில்லை. கொக்கி இரண்டும் கயிற்றில் பத்திரமாக இருந்தன. கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நான் பத்திரமாகத்தான் இருந்தேன். ஆனால் பயத்துக்குக் கொக்கி தெரியுமா? செத்தேன் என்று முடிவே செய்துவிட்டேன். கோமதிக்கு யார் போன் செய்வார்கள், எந்தப் படத்தை மாலை போட்டு வைப்பாள் என்பது வரை யோசித்துவிட்டேன். டிரைவிங் லைசென்ஸ் படத்தை வைத்துவிடக் கூடாதே என்று பெரிய கவலை.

முருகனிடம் பேரம் தொடங்கினேன். பழநிக்கு நடந்து வருகிறேன் என்றேன். டெல்லியிலிருந்தா என்று அவன் கேட்டதுபோல இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து என்று திருத்தினேன். மொட்டை போடுகிறேன் என்றேன். என் தலையில் அப்போதே நாலு முடிதான். காபியை விடுகிறேன் என்றேன், அடுத்த நொடியே சாயங்காலக் காபி மட்டும் என்று குறைத்தேன். உயிர் போகிற நேரத்திலும் மனிதன் எவ்வளவு கணக்காக இருக்கிறான் பாருங்கள்.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து பன்வர்லால் இறங்கி வந்தான். என் காலைப் பிடித்து சரியான இடத்தில் வைத்துவிடுவதற்காக. எனக்குக் கீழே போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டவேண்டும். என் கொக்கியும் அவன் கொக்கியும் ஒரே கயிற்றில் சிக்கும் என்று தன் இரண்டு கொக்கியையும் கழற்றிவிட்டு, வெறும் கையும் காலுமாக என்னைச் சுற்றி இறங்கி, எனக்குக் கீழே இடது பக்கமாகப் போய் நின்றான். தலையில் சிவப்புத் துணி. அவனுடைய ஹெல்மெட் என் தலையில். இருவரில் உண்மையான ஆபத்தில் இருந்தவன் யார் என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. உலகத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

அவன் கீழிருந்து குரல் கொடுத்தான். "சாப், பாயேன்... பாயேன்..."

அன்பர்களே, உங்கள் எல்லாருக்கும் இந்தி தெரியும். இந்தியில் இடது பக்கத்துக்கு பாயேன். வலது பக்கத்துக்கு தாயேன். கடைசி எழுத்து வாய்க்கு வராமல் மூக்கிலேயே நின்றுவிடும். இடது காலைத் தூக்கி மேலே வை என்றுதான் அவன் சொன்னான். 'கால்' என்ற சொல்லைக் காற்று கொண்டுபோய்விட்டது. எனக்கும் இந்தி தெரியும். நாலு வயதிலிருந்து பேசுகிற இந்தி. ஆட்டோக்காரரோடு சண்டை போட்டு ஜெயிக்கிற இந்தி. ஆனால் அந்தப் பாறையில் என் இந்தி என்னை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிப் போய்விட்டது. மண்டையில் மிச்சம் இருந்தது எங்கம்மா சொல்லித்தந்த தமிழ் மட்டும்தான். அந்தத் தமிழில் பாயேன் என்றால் என்ன? குதியேன்.

குதிக்கச் சொல்கிறான். உயிரைக் காப்பாற்ற வந்தவன், இனி வேறு வழியில்லை, குதித்துவிடு என்கிறான். அதுவும் மரியாதையாக, கெஞ்சிக் கேட்கிறான்.

பேரம் எல்லாம் நின்றுபோயிற்று. மொட்டை, காவடி, காபி எதுவும் ஞாபகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். தொண்டை கிழியக் கத்தினேன். "முருகா, ஒரு வழி தாயேன்! தாயேன்! தாயேன்!"

எங்கள் வீட்டில் 'கொடு' என்ற சொல் அதிகம் புழங்காது. 'தா'தான். தங்கையிடம் பென்சில் கேட்டால் தாயேன். அம்மாவிடம் இன்னொரு தோசைக்கு நின்றால் தாயேம்மா. அதிகாரம் இல்லாமல், கொஞ்சம் கெஞ்சலாக, தராமல் இருக்கமாட்டாய் என்ற உரிமையோடு கேட்கிற சொல். சரோஜினி நகர் சமையலறை வாசலில் தட்டோடு நின்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அம்மா போன பிறகு அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அன்று அது தானாக வந்தது.

கத்தின அதே நொடியில் என் இடது காலுக்குக் கீழே ஏதோ அசைந்தது. கால் சறுக்கியது. கயிற்றில் தொங்கி முகத்தைப் பாறையில் இடித்துக்கொண்டேன். கீழே ஒரு சத்தம். பிறகு இன்னொரு சத்தம், இன்னும் கீழே. பிறகு ரொம்ப தூரத்தில் ஒன்று. அப்புறம் காற்று மட்டும்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். நான் மிதித்திருந்த கல் பெயர்ந்து போயிருந்தது. தேங்காய் மூட்டை கனம் இருக்கும் என்று பிறகு பாலு சொன்னான். அவன் எதையும் பெரிதாக்கிச் சொல்பவன், இரண்டு தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும். பன்வர்லால் எனக்குக் கீழே வலது பக்கத்தில், பாறையின் ஒரு வெடிப்புக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு நின்றான். ஒரு நொடி முன்னால் அவன் நின்ற இடது பக்கத்தில் வெள்ளையாக ஒரு சிராய்ப்பு. பாறையில். அவன் தலை இருந்த உயரத்தில்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். வாய் உலர்ந்திருந்தது.

"ஆப்னே பச்சா லியா, சாப்" என்றான். நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள் என்று.

நான் எதைக் காப்பாற்றினேன்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் மேலே வந்து என் இடது காலை எடுத்து ஒரு நல்ல பிடிப்பில் வைத்தான். கையை ஒவ்வொரு விரலாகக் கயிற்றிலிருந்து பிரித்தான். கொக்கியை அவனே மாற்றினான். ஐந்தாவது ஆணிக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தாயேன். நான் முருகனிடம் கேட்டேன். பன்வர்லால் அதை இந்தியில் கேட்டான். வலது பக்கம், வலது பக்கம் என்று சாப் கத்துகிறார், கல் வருகிறது போல என்று யோசிக்காமல் வலது பக்கம் பாய்ந்திருக்கிறான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். பிறகு அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தேன். இருபது நாள் குழந்தை ஞாபகம் வந்தது. உடம்பு மறுபடி நடுங்கியது. இந்த நடுக்கம் வேறு. இதில் பயம் இல்லை. என் பக்கத்தில், என் மூச்சு படுகிற தூரத்தில் யாரோ இருந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

உச்சிக்குப் போனதும் பன்வர்லால் மற்ற மூவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சாபின் பார்வை கழுகுப் பார்வை என்றான். கண்ணை மூடிக்கொண்டிருந்தவனைப் பற்றி! நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாலு என்னைக் கட்டிப்பிடித்தான். "செருப்புக்குக் காவல் இருந்தவனாடா நீ" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. ரவி என் தோளைத் தட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்களோடு நான் உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே மணல், காற்று, தொடுவானம் வரைக்கும் வெறும் வெளிச்சம். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு அடக்கமாகப் புன்னகை செய்தேன்.

அந்தப் புன்னகைதான் என் பாவம்.

டெல்லி திரும்பிய மறுநாள் காலை கோமதி என் மூக்கில் மருந்து தடவிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "வலது பக்கம்னு கத்துனீங்களா? நீங்களா? சோத்துக்கை எதுன்னு பார்த்துத்தானே இன்னமும் ஸ்கூட்டரத் திருப்புதீங்க" என்றாள். அவளிடம் மறைக்க முடியாது. சொல்லிவிட்டேன். மருந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு சட்டென்று நிறுத்தினாள். எழுந்துபோய் முருகன் படத்துக்கு விளக்கேற்றினாள். திரும்பி வந்து, "அந்தப் பையன்கிட்ட சொல்லிருங்க. சாமி செஞ்சத நீங்க வச்சுக்காதீங்க" என்றாள்.

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை. நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள், அன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் அதே வாரத்தில் பன்வர்லால் போன் செய்வான். குழந்தைக்கு ராதா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் பேசத் தொடங்கியதும் போனை அவளிடம் கொடுப்பான். எனக்கு அவர்கள் வீட்டில் 'தாயேன் சாப்' என்று பெயர். வலது பக்கத்து ஐயா! அந்தப் பிஞ்சுக் குரல் 'தாயேன் சாப்' என்று கூப்பிடும்போது எனக்கு அது தமிழாகத்தான் கேட்கும். தா, தா என்று என்னிடம் எதையோ கேட்கிற மாதிரி. உண்மையைத் தா என்று. கோமதி என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிக்னல் சரியில்லை என்பேன்.

இதற்குள் ரவி கோயம்புத்தூரில் வீடு கட்டிப் போய்விட்டான். சீனு மகனோடு வெளிநாட்டில் இருக்கிறான். அந்த நால்வரில் டெல்லியில் மிச்சம் நானும் பாலுவும்தான். எப்போதாவது மூவரில் ஒருவர் பேசினாலும் அந்த மலையில்தான் வந்து நிற்போம். அந்த வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவோம். நான் மட்டும் கொஞ்சம் சீக்கிரமாக போனை வைத்துவிடுவேன். எங்கள் எல்லாருக்கும் பிடித்த அந்த நாளில் எனக்கு மட்டும் முழு உரிமை இல்லை.

இந்தத் தைப்பூசத்துக்குப் பன்வர்லால் வந்துவிட்டான். மகளுக்கு டெல்லி காட்ட வேண்டும் என்று கூட்டிவந்திருந்தான். மெட்ரோவில் நாலு தடவை அப்படியும் இப்படியும் போனோம், அவளுக்கு இறங்க மனமில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலுக்கு அழைத்துப்போனேன். முருகனுக்கு அபிஷேகம் முடிந்து அலங்காரம். வேலோடு நிற்பவர் யார் என்று ராதா கேட்டாள். எங்கள் ஊர்ச் சாமி, மலையில் இருப்பார் என்றேன். அப்படியென்றால் எங்கள் மலையிலும் இருப்பாரா என்று கேட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கோமதி அவளைப் பிரகாரம் சுற்றக் கூட்டிப்போனாள். நான் பன்வர்லாலைத் தூணருகே உட்காரவைத்து இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை நான் பார்க்கவில்லை. கண் மூடியிருந்தது. உன்னை நினைக்கவே இல்லை. உன் ஹெல்மெட் என் தலையில் இருந்ததுகூட நினைவில்லை. என் உயிருக்காக மட்டும் சாமியிடம் கெஞ்சினேன். அந்தச் சொல் உன் காதில் வேறு சொல்லாக விழுந்தது. கல்லைத் தள்ளியதே என் கால்தான்.

சொல்லி முடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அந்தப் பாறையைவிட இது செங்குத்தாக இருந்தது. இதில் கொக்கியும் கிடையாது.

அவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நியாயம். எங்கள் மொழியில் தாயேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டான். சொன்னேன். அவன் சந்நிதிப் பக்கம் திரும்பினான். மகள் கோமதியின் விரலைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"மாங்கா ஆப்னே, மிலா முஜே."

நீங்கள் கேட்டீர்கள், எனக்குக் கிடைத்தது.

அவ்வளவுதான் சொன்னான். எழுந்துபோய் சந்நிதி முன் விழுந்து கும்பிட்டான். நானும் போய் அவன் பக்கத்தில் விழுந்தேன். விழுந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும் என்கிற உடம்பு, அவன்தான் தூக்கிவிட்டான். ஊருக்குக் கிளம்பும்போது ராதா வழக்கம்போல தாயேன் சாப் என்றுதான் கையசைத்தாள். பெயரை மாற்ற வேண்டாம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டானாம். முதல் தடவையாக அந்தப் பெயருக்கு நான் திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன்.

அன்பர்களே, இதனால் நான் மலையேறுகிறவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பால்கனியில் துணி காயப்போடுவது இப்போதும் கோமதிதான். சாயங்காலக் காபியும் நடக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து பழநி நடை மட்டும் பாக்கி இல்லை. பாலு துணைக்கு வர, அவன் என்னைக் கிண்டல் செய்ய, கொப்புளத்தோடு நடந்து முடித்தேன். மாறியது ஒன்றே ஒன்று. முன்பெல்லாம் முருகனிடம் பட்டியல் படிப்பேன். இன்னது வேண்டும், இத்தனை நாளில் வேண்டும், பதிலுக்கு இன்னது செய்கிறேன் என்று அரசாங்கக் கடிதம் மாதிரி. இப்போது தாயேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு என்றும் சேர்ப்பதில்லை. எதை என்றும் சொல்வதில்லை.

பொன்னாடையை இந்தக் கிருத்திகைக்குக் கொண்டுவருகிறேன். அதை முருகன் படத்துக்குச் சாத்திவிடுங்கள், உரியவர் அவர்தான். உங்களில் யாருக்காவது இப்போது ஏதாவது பாறையில் கை ஒட்டிக்கொண்டிருந்தால், கடன், நோய், பிள்ளைகள் கவலை எதுவானாலும், வெட்கப்படாமல் கத்துங்கள். அழகான தமிழ் வேண்டாம். மந்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை. பயத்தில் வாய் குழறினாலும் பரவாயில்லை. உங்களுக்கு வந்து சேராவிட்டால் கேட்டது வீண் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நமக்குக் கீழே, நாம் பார்க்காத இடத்தில் யாரோ ஒருவர் தலைக்கவசம் இல்லாமல் நின்றுகொண்டிருப்பார்.